தடுப்பூசிக் கணக்கின் வரலாறு: பாலமுனையிலிருந்து ஒரு நோக்கு

இலங்கையின் நிர்வாக மாவட்டங்கள் 25 என்பது பாடசாலை மாணவரும் அறிந்த செய்தி. ஆயின் சுகாதார அமைச்சின் தொற்றுநோயியற் பிரிவு வாராவாரம் வெளியிடும் நோய் அட்டவணையை எடுத்து நோக்குவோர் அதில் 26 வரிகள் இருப்பதைக் காண்பர். மேலதிகமாக நிற்கும் அவ்வொரு வரியின் பெயர் கல்முனை. மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து 1961இல் பிரிக்கப்பட்ட அம்பாறை மாவட்டம் பொது நிர்வாகத்தில் ஒன்றாயினும், சுகாதார நிர்வாகத்தில் இரண்டாகும். உள்நாட்டுப் பகுதி அம்பாறைப் பிராந்தியப் பணிப்பாளரின் கீழும், கல்முனையிலிருந்து பொத்துவில் வரை நீளும் தமிழ் பேசும் கரையோரம் கல்முனைப் பிராந்தியப் பணிப்பாளரின் கீழும் அமைந்துள்ளன. நிலப்படத்தில் இல்லாத ஒரு மாவட்டம் நோய்க்கணக்கில் இருக்கின்றது. வரலாற்று மாணவர் வழக்கமாக நாடாத இவ்வகை அட்டவணைகளுக்குள்ளும் வரலாறு படிந்திருக்கின்றது என்பதற்கு இவ்வொரு வரியே போதிய சான்றாகும்.

கல்முனை வரிக்குள் அடங்கும் ஊர்களுள் ஒன்று பாலமுனை. அக்கரைப்பற்றிலிருந்து கல்முனை நோக்கிச் செல்லும் பெருந்தெருவில், அட்டாளைச்சேனைக்கும் ஒலுவிலுக்கும் இடையே, கிழக்கே கடலும் மேற்கே வயலுமாக அமைந்த ஊர் அது. சுகாதார நிர்வாகத்தில் அட்டாளைச்சேனைச் சுகாதார வைத்திய அதிகாரி பிரிவைச் சேர்ந்தது. (காத்தான்குடிக்கு அண்மையில் இன்னொரு பாலமுனை உண்டு, பதிவேடுகளைக் கையாள்வோர் இதனை மறவாதிருத்தல் நன்று.) இவ்வூரிற் பிறந்த ஒரு பிள்ளைக்கு ஏற்றப்படும் தடுப்பூசி ஒரு கோடாகப் பதிவேட்டில் விழுந்து, ஓர் எண்ணாகிக் கல்முனைக்கும், ஒரு வீதமாகிக் கொழும்புக்கும், பின்னர் ஜெனீவாவுக்கும் நியூயோர்க்குக்கும் செல்கின்றது. அப்பயணத்தில் அவ்வெண் எவ்வாறு உருப்பெற்றது, வழியில் எவரெவர் அதினின்றும் விடுபட்டனர் என்பனவே ஈண்டு நோக்கப்படுவன.

தடுப்பூசி அடைவு என்பது ஒரு பின்னம். தடுப்பூசி பெற்ற பிள்ளைகள் அதன் தொகுதியெண். பெற வேண்டிய பிள்ளைகள் யாவரும் அதன் பகுதியெண். தொகுதியெண்ணை அறிதல் ஒப்பீட்டளவில் எளிது. ஊசி ஏற்றியவர் எண்ணி எழுதினாற் போதும். பகுதியெண்ணோ அவ்வாறன்று. வராத பிள்ளையையும் எண்ண வேண்டும்; எங்கிருக்கின்றது எனத் தெரியாத பிள்ளையையும் எண்ண வேண்டும். உலகெங்கும் தடுப்பூசிக் கணக்கு பிழைபட்ட இடங்களை ஆராயுமிடத்துப் பெரும்பாலானவற்றில் பிழை கோட்டின் கீழேயே இருந்தமை புலப்படும்.

இலங்கையிற் கோட்டின் மேலுள்ள எண் பழமையானது. எட்வேர்ட் ஜென்னர் 1796இல் நிகழ்த்திய பரிசோதனையின் பயன் 1802இல் இத்தீவை அடைந்தது. அக்காலத்து ஆங்கில அரசின் மருத்துவ மேலாளராயிருந்த தோமஸ் கிறிஸ்ரி, பெரியம்மை இத்தீவில் விளைத்த அழிவையும் அம்மைப்பால் குத்தும் முறை பரவிய விதத்தையும் விளக்கி 1811இல் ஒரு நூல் வெளியிட்டார். குளிரூட்டும் வசதி அறியப்படாத அந்நாளில் ஒரு பிள்ளையின் கையிலெழுந்த கொப்புளத்து நீரை மற்றொரு பிள்ளையின் கைக்கு மாற்றியே அம்மைப்பால் உயிரோடு காக்கப்பட்டது. அம்மை குத்துவோர் தாம் குத்திய தொகையை மேலிடத்துக்கு அறிவித்தனர். ஆனால் அத்தொகை எத்தனை பேருள் இத்தனை என்ற வினாவுக்கு விடை அளிக்கவில்லை. முறையான முதலாவது குடிசன மதிப்பீடு 1871இலேயே நிகழ்ந்தது. அதற்கு முன்னைய தலைக்கணக்குகள் முழுமையற்றவை. பிறப்பு இறப்புப் பதிவு 1867இன் பின்னரே நாடளாவிய சட்ட ஒழுங்குக்குள் வந்தது. ஆகவே ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் இலங்கையின் தடுப்பூசிக் கணக்கு பகுதியெண் இல்லாத பின்னமாகவே நடந்தது எனலாம். 1886இல் தடுப்பூசிக் கட்டளைச்சட்டம் இயற்றப்பட்டபோது நிலைமை மாறியிருந்தது. தண்டனைக்குரிய கட்டாயம் ஒன்றை விதிப்பதற்கு, தவறியவர் யார் எனத் தெரிந்திருத்தல் வேண்டுமன்றோ? பிறப்புப் பதிவு இல்லாத நாட்டிற் கட்டாயத் தடுப்பூசிச் சட்டம் வெறும் எழுத்தாகவே நின்றிருக்கும்.

பெரியம்மைத் தடுப்பூசிக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. அது தன் பதிவைப் பிள்ளையின் தோலிலேயே எழுதிச் சென்றது. பதிவேடு எரிந்தாலும் கையிலுள்ள தழும்பு எரிவதில்லை. 1960களில் உலகளாவிய பெரியம்மை ஒழிப்பு இயக்கம் மேற்கு ஆபிரிக்காவில் நடைபெற்றபோது, குத்தப்பட்டதாக அறிவிக்கப்பட்ட தொகைகளை நம்பி இருக்காது, ஊர் ஊராகச் சென்று தழும்புகளை எண்ணினர். இந்தியாவிலோ 1962இல் தொடங்கிய தேசிய இயக்கம் கோடிக்கணக்கில் அம்மை குத்தியும் நோய் நீடித்தது. எளிதில் அகப்படும் பாடசாலைப் பிள்ளைகளுக்கே மீண்டும் மீண்டும் குத்தப்பட்டமையும், கூலி தேடி அலைவோரும் கைக்குழந்தைகளும் விடப்பட்டமையும் இதற்குக் காரணங்களுட் சில. ஒருவனுக்கு மும்முறை குத்தினால் தொகுதியெண் மூன்று கூடும், காக்கப்பட்டவனோ ஒருவனே.

தழும்பெண்ணும் அனுபவத்திலிருந்து பிறந்ததே பின்னாளில் உலகெங்கும் பரவிய முப்பது கொத்து மாதிரி முறை. உலக சுகாதார தாபனம் 1974இல் விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கியபோது வளர்முக நாடுகளின் பிள்ளைகளுள் 5 சதவீதத்துக்கும் குறைவானோரே அடிப்படைத் தடுப்பூசிகளை முழுமையாகப் பெற்றிருந்தனர் என மதிப்பிடப்பட்டது. திட்டம் வளர்கிறதா என அறிய ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. புள்ளியியல் அறிஞர் இல்லாத மாவட்டத்திலும், கணிப்பொறி இல்லாத பணிமனையிலும் பயன்படக்கூடிய அளவுகோலாக அது இருத்தல் வேண்டும். ஹென்டர்சன், சுந்தரேசன் ஆகிய இருவரும் 1982இல் உலக சுகாதார தாபனத்தின் ஏட்டில் அம்முறையின் அனுபவங்களைத் தொகுத்துரைத்தனர்.

அம்முறை எவ்வாறு செயற்படும் என்பதைப் பாலமுனையை வைத்தே விளக்கலாம். முதலில் ஒரு பிராந்தியத்தின் ஊர்கள் யாவும் குடித்தொகையோடு வரிசையாக எழுதப்படும். தொகைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டப்படும். மொத்தத்தை 30ஆல் வகுத்து வரும் எண்ணை இடைவெளியாகக் கொண்டு, எழுந்தமானமாக ஓரிடத்தில் தொடங்கி, 30 இடங்கள் தெரிவாகும். பெரிய ஊர் இருமுறையும் தெரிவாகலாம். சிற்றூர் தெரிவாகாமலும் போகலாம். பாலமுனை தெரிவாயிற்றெனக் கொள்வோம். கணிப்பாளர் ஊரின் நடுவிடத்தில், பெரும்பாலும் பள்ளிவாசலடிச் சந்தியில், நின்று ஒரு போத்தலையோ பேனாவையோ தரையிற் சுழற்றுவார். அது காட்டும் திசையில் ஊரின் எல்லை வரை நடந்து வீடுகளை எண்ணி, அவற்றுள் ஒன்றை எழுந்தமானமாகத் தெரிவார். அவ்வீட்டிலே 12 மாதத்துக்கும் 23 மாதத்துக்கும் இடைப்பட்ட பிள்ளை உண்டா எனக் கேட்பார். பின்னர் அடுத்த வாசல், அதற்கடுத்த வாசல் என ஏழு பிள்ளைகள் சேரும்வரை செல்வார். அட்டை இருந்தால் அட்டையைப் பார்த்தும், இல்லையேல் தாயின் சொல்லைக் கேட்டும் எழுதுவார். முப்பது ஏழு, 210 பிள்ளைகள். அவ்வளவே. ஒரு பிராந்தியம் முழுவதற்குமான அடைவு, பத்துச் சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்ற எல்லைக்குள், சில நாட்களிற் கிடைத்துவிடும்.

இதன் எளிமை வியக்கத்தக்கது. ஆயின் அதன் குறைகளும் எளிதிற் புலப்படுவனவே. சந்தியிலிருந்து புறப்படுவோர் சந்தியை அண்டிய வீடுகளையே பெரிதும் அடைவர். கடலோரத்து வாடிகளும் வயலோரத்துக் கொட்டில்களும், யாருடைய பிள்ளைகள் ஊசிக்கு வரத் தவறக்கூடுமோ அவர்தம் வாசல்களும், போத்தல் சுழலும் இடத்திலிருந்து தொலைவில் உள்ளன. பூட்டிய வீட்டைத் தாண்டிச் செல்லும் வழக்கமும் அவ்வாறே. தாய் வேலைக்குச் சென்ற வீடுதான் பூட்டியிருக்கும். மேலும், பத்துச் சதவீத எல்லை உடைய அளவுகோல் 50ஐயும் 80ஐயும் வேறுபடுத்தவல்லது. 88ஐயும் 96ஐயும் வேறுபடுத்தவல்லதன்று. அடைவு தாழ்ந்திருந்த காலத்துக்கென ஆக்கப்பட்ட கருவி அது. அடைவு உயர்ந்தபின் அதனையே கொண்டு மாவட்டங்களை வரிசைப்படுத்தியமை கருவியின் குற்றமன்று, கையாண்டோரின் குற்றமே.

இலங்கை வேறொரு வழியைச் சார்ந்து நின்றது. மாதிரி எடுத்து மதிப்பிடுதலைவிட ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி எழுதுதல் இந்நாட்டின் மரபாயிற்று. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பகுதி அமைக்கப்பட்ட காலந்தொட்டு, ஊரோடு வாழும் மருத்துவமாதுவே இம்முறையின் அச்சாணி. ஏறத்தாழ 3,000 பேருக்கு ஒருவர் என்பது கொள்கையளவு. மணமான பெண்களை அவர் பதிவு செய்வார், கருவுற்றதும் எழுதுவார், பிள்ளை பிறந்து தாய் வீடு திரும்பிய பத்து நாட்களுக்குள் வாசலுக்குச் செல்வார், பிறப்பும் தடுப்பூசியும் சேர்ந்தெழுதும் பதிவேட்டில் ஒரு வரியைத் திறப்பார். அவ்வரியிலுள்ள வெற்றுக் கட்டங்கள் மாதந்தோறும் நிரம்ப வேண்டும். நிரம்பாத கட்டம் ஒரு பிள்ளையின் வீட்டுக்கு வழிகாட்டும். வீதம் சொல்லாத ஒன்றை இப்பதிவேடு சொல்கின்றது. விடுபட்ட பிள்ளை எது என்பதே அது.

1949இல் கசநோய்க்கெதிரான பீ.சீ.ஜீ., 1961இல் தொண்டைக்கரப்பன், குக்கல், ஏற்புவலி ஆகிய மூன்றுக்குமான முக்கூட்டு ஊசி, 1962இல் இளம்பிள்ளைவாதச் சொட்டுமருந்து எனத் தனித்தனியே வந்தவை 1978இல் விரிவாக்கப்பட்ட திட்டத்துள் ஒன்றாயின. 1984இல் சின்னமுத்து ஊசி சேர்ந்தது. முக்கூட்டு ஊசியின் மூன்றாம் தடவையைப் பெற்ற கைக்குழந்தைகளின் வீதமே உலகெங்கும் ஒப்பீட்டு அளவையாகக் கொள்ளப்பட்டது. காரணம் எளியது. ஒருமுறை வருதல் தற்செயலாகலாம். மும்முறை வருதல் சேவை நிலைபெற்றமையின் அறிகுறி. பிற்காலத்தில் முதலாவது தடவையையே பெறாத பிள்ளைகளைத் தனியே எண்ணும் வழக்கமும் தோன்றியது.

கீழைக்கரையின் குடிவழக்கு இப்பதிவேட்டுக்கு எதிர்பாராத துணையொன்றை அளித்தது எனத் தோன்றுகின்றது. இக்கரையின் முஸ்லிம்களிடையேயும் தமிழரிடையேயும் மணமகன் மணமகளின் வீட்டுக்கு வந்து வாழ்தலே வழக்கு. மகளுக்குச் சீதனமாக வீடு கட்டிக் கொடுத்தலும் இதன்பாற்பட்டதே. ஆகவே பெண் பிறந்த ஊரிலேயே தாயாகிறாள். அவளைச் சிறுமியாகக் கண்ட அதே பிரிவின் பதிவேட்டிலேயே அவள் பிள்ளையும் ஏறுகின்றது. தமிழகத்திலோ புகுந்த வீட்டுப் பெண் பேறுகாலத்துக்குத் தாய்வீடு செல்வாள்; முதல் ஊசி ஓரூரிலும் மூன்றாம் ஊசி வேறூரிலும் விழும்; இரு பதிவேடுகளும் சந்திப்பதரிது. நாற்பது நாள் தீட்டுக் காப்பும் இங்கு இடையூறாகவில்லை. பீ.சீ.ஜீ. வைத்தியசாலையிலிருந்து புறப்படுமுன்பே குத்தப்பட, அடுத்த ஊசிக்குரிய இரண்டாம் மாதம் நாற்பது கழிந்தபின்பே வருகின்றது. மானிடவியலாளர் குடிவழிகளைப் பற்றி மிகுதியாக எழுதிய இக்கரையில், அக்குடிவழி ஒரு பின்னத்தின் பகுதியெண்ணைச் செப்பஞ்செய்ததென்பது எவரும் கருதிப்பார்க்கத்தக்கது.

எனினும் பிள்ளை பிறக்கும் இடம் சிக்கலை உண்டாக்கியது. இலங்கைச் சட்டப்படி பிறப்பு நிகழ்ந்த இடத்திலேயே பதியப்படும். பாலமுனைத் தாய் அக்கரைப்பற்றிலோ கல்முனையிலோ பெற்றால் பிறப்பு அவ்வப் பதிவாளர் பிரிவுக்குரியது. அம்பாறை நகரின் பொது வைத்தியசாலையிற் பெற்றால் அது மற்றைய சுகாதாரப் பிராந்தியத்துக்கே சென்றுவிடும். பிள்ளையோ ஊர் திரும்பி இங்கு ஊசி பெறும். பதிவாளரின் பிறப்புத் தொகையைப் பகுதியெண்ணாகக் கொண்டால் ஒரு பிராந்தியத்தின் அடைவு 100ஐத் தாண்டலாம். அயற்பிராந்தியத்தினது காரணமின்றித் தாழலாம். நூறு பேருள் நூற்றுப்பத்துப் பேர் ஊசி பெற்றனர் என்ற கணக்கைக் கண்டு நகைப்போர், அதே பிழை மறுபுறத்திற் பிறிதொரு வைத்திய அதிகாரியைச் சோம்பேறி எனக் காட்டியிருக்கும் என்பதையும் நினைத்தல் வேண்டும்.

இவையெல்லாம் அமைதிக்காலத்துச் சிக்கல்கள். 1981இன் பின் 1991இல் எடுக்கப்பட வேண்டிய குடிசன மதிப்பீடு எடுக்கப்படவில்லை. அம்பாறை மாவட்டம் முழுமையாக மீண்டும் எண்ணப்பட்டது 2001இல். இடைப்பட்ட இருபதாண்டுகள் இக்கரையில் இடப்பெயர்வின் ஆண்டுகள். முஸ்லிம் ஊர்களிலிருந்து தமிழரும், தமிழ் ஊர்களிலிருந்து முஸ்லிம்களும், எல்லைப்புறங்களிலிருந்து இரு சாராரும் பெயர்ந்தனர். 1981இன் எண்ணிக்கையை ஆண்டுதோறும் வளர்த்துப் பெற்ற மதிப்பீடு, பெயர்ந்து சென்றவரைப் பழைய ஊரிலேயே நிறுத்தி எண்ணும். அவர் புகுந்த ஊரின் பகுதியெண்ணிலோ அவருக்கு இடமில்லை. முகாமிலிருந்த தாயொருத்தி தன் பிள்ளைக்கு ஊசி ஏற்றுவித்திருந்தால் அப்பிள்ளை புதிய ஊரின் தொகுதியெண்ணில் மட்டும் ஏறும். ஏற்றுவிக்காவிடில் எவ்வூரிலும் ஒரு வெற்றுக் கட்டமாகக்கூட அது தோன்றாது.

தேசிய ஆய்வுகளும் துணைவரவில்லை. 1987, 1993, 2000 ஆகிய ஆண்டுகளில் நடைபெற்ற குடித்தொகை சுகாதார ஆய்வுகள் பாதுகாப்பு நிலைமை காரணமாக வடக்கு, கிழக்கு மாகாணங்களை விலக்கியே நடந்தன. 2006, 2007இல் நடந்த ஆய்விலேயே கிழக்கு சேர்க்கப்பட்டது. வடக்கு 2016 வரை காத்திருக்க நேர்ந்தது. ஒரு தலைமுறைக் காலம் பாலமுனைப் பிள்ளையொன்று தேசிய மாதிரியில் தெரிவாகும் வாய்ப்பே இல்லாதிருந்தது என்பது இதன் பொருள். வெளியிடப்பட்ட அறிக்கைகள் இவ்விலக்கை மறைக்கவில்லை. முன்னுரையில் தெளிவாகவே கூறின. ஆயினும் அறிக்கையின் எண் மேடைக்கும் பாடநூலுக்கும் சென்றபோது முன்னுரை உடன் செல்லவில்லை. ‘இலங்கையின் அடைவு’ என்றே அது வழங்கிற்று.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1995இலிருந்து இளம்பிள்ளைவாத ஒழிப்புக்கான தேசிய தினங்களில் இரு தரப்பாரும் துப்பாக்கிகளை ஓய்வித்தனர். அமைதி நாட்கள் எனப் பெயர்பெற்ற அந்நாட்களிற் சொட்டுமருந்து போர்முனையைக் கடந்து சென்றது. இலங்கையின் இறுதி இளம்பிள்ளைவாத நோயாளர் 1993இற் கண்டறியப்பட்டார். 2014 மார்ச்சில் தென்கிழக்கு ஆசியப் பிராந்தியம் அந்நோயற்றதெனச் சான்றளிக்கப்பட்டது. கணக்கெடுப்பாளர் செல்லாத இடங்களுக்கும் சொட்டுமருந்து சென்றது என்பதை வரலாறு நன்றியோடு குறிக்க வேண்டும்.

பின்னர் 2004 திசெம்பர் 26. இலங்கையின் மாவட்டங்களுள் மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை. மாண்டோர் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். அவர்களுட் பிள்ளைகள் பலர். அன்று காலை வரை பகுதியெண்ணில் இருந்த பிள்ளைகள் அவர்கள். சிலரது வரியில் அடுத்த மாதத்துக்குரிய கட்டம் வெறுமையாய் இருந்திருக்கும். அக்கட்டங்கள் இனி நிரம்பா என்பதை வீடு வீடாகச் சென்று அறிந்து எழுதிய கைகளைப் பற்றி எந்த அட்டவணையும் பேசுவதில்லை. வீடுகளை வாரிச் சென்ற நீர் தாய்மார் பேணிவைத்த பிள்ளை அட்டைகளை மட்டும் விட்டிருக்க முடியாது. எனினும் பேரழிவையடுத்துப் பெருந்தொற்று மூளும் என உலகம் அஞ்சியது நிகழவில்லை. முன்னைய ஆண்டுகளில் ஏற்றப்பட்ட ஊசிகள், அட்டைகள் அழிந்தபோதும், பிள்ளைகளின் உடலில் அழியாதிருந்தன.

இனி உலக அரங்கை நோக்கலாம். 1980களில் யுனிசெப் தலைவர் ஜேம்ஸ் கிரான்ட் 1990க்குள் 80 சதவீதம் என்ற இலக்கை முன்வைத்தார். இலக்கு எட்டப்பட்டதாக அறிவிக்கவும்பட்டது. பின்வந்த மீள்கணிப்புகள் அதனைக் குறைத்தே காட்டின. 2000இலிருந்து உலக சுகாதார தாபனமும் யுனிசெப்பும் இணைந்து, அரசுகளின் அறிவிப்புகளையும் வீட்டாய்வுகளையும் அருகருகே வைத்துச் சீர்தூக்கி, 1980 தொடக்கம் ஒவ்வொரு நாட்டுக்கும் ஆண்டுக்கோர் எண்ணைத் தருகின்றன. அதே ஆண்டில் உருவான உலகத் தடுப்பூசிக் கூட்டணி, மேலதிகமாக ஊசி பெறும் ஒவ்வொரு பிள்ளைக்கும் 20 டொலர் என ஏழை நாடுகளுக்கு ஊக்கப்பணம் வழங்கியது. எண்ணுக்கு விலை வந்ததும் எண் வீங்கியது. 2008இல் லான்செற் மருத்துவ இதழில் வெளியான ஆய்வொன்று, இத்திட்டத்தின் நாடுகள் 1 கோடியே 39 இலட்சம் பிள்ளைகள் மேலதிகமாக ஊசி பெற்றதாக அறிவித்திருக்க, வீட்டாய்வுகளின்படி அத்தொகை 74 இலட்சம் மட்டுமே எனக் காட்டியது. யாவும் வேண்டுமென்றே புனைந்தவை எனக் கொள்ளல் தகாது. பழைய குடித்தொகை மதிப்பீடு, இருமுறை எழுதப்பட்ட பிள்ளை, வீணான மருந்தையும் ஏற்றியதாக எழுதிய கை எனப் பலவும் அதனுள் உண்டு.

வீட்டாய்வுதான் உண்மை, பதிவேடு பொய் என்ற முடிவுக்கும் விரைதல் ஆகாது. தமிழகத்தை எடுத்துக்கொள்வோம். இந்தியத் தேசியக் குடும்பநல ஆய்வுகளின்படி எல்லா அடிப்படைத் தடுப்பூசிகளையும் பெற்ற பிள்ளைகள் அங்கு 1998, 1999இல் ஏறத்தாழ 89 சதவீதம். 2005, 2006இல் 81. 2015, 2016இல் 70. 2019க்கும் 2021க்கும் இடையே மீண்டும் 89. இந்திய மாநிலங்களுட் சுகாதாரச் சேவையிற் சிறந்தவற்றுள் ஒன்றெனப் பெயர்பெற்ற மாநிலம் இருபதாண்டுகளில் இவ்வாறு இறங்கி ஏறியதென்பது சேவையின் வரலாறா, அட்டையின் வரலாறா, தாயின் நினைவாற்றலின் வரலாறா? பிள்ளைக்கு எத்தனை ஊசி என்று வாசலில் நின்று கேட்கப்படும் தாய், ஏட்டைப் பார்த்துச் சொல்பவளல்லள். ஊசிகளின் எண்ணிக்கை பெருகப் பெருக அவளது விடை தளர்வதும் இயல்பே.

இலங்கையின் எண்ணோ பல்லாண்டுகளாக 99ஐ ஒட்டியே நின்றது. பெருமைக்குரிய எண், பெரிதும் நம்பத்தக்கதும் ஆகும். ஆயின் அதன் உயர்வே ஓர் இடரையும் உடையது. சின்னமுத்தைத் தடுக்க ஒரு சமூகத்தில் 95 சதவீதத்தினர் இரு தடவை ஊசி பெற்றிருத்தல் வேண்டும் என்பர். ஆண்டுக்கு 200 பிள்ளைகள் பிறக்கும் ஊரொன்றைக் கற்பனை செய்வோம். 95 சதவீதம் என்றால் ஆண்டுக்குப் பத்துப் பிள்ளைகள் எஞ்சுவர். அப்பத்துப் பேரும் ஊரெங்கும் சிதறியிருப்பின் நோய் அவர்களைத் தேடி அலைந்து ஓயும். ஒரே ஒழுங்கையில் இருப்பின், ஐந்தாண்டுகளில் ஐம்பது பிள்ளைகள் ஒருவர் வாசலை ஒருவர் பார்த்தபடி இருப்பர். இரண்டுக்கும் வீதம் ஒன்றே. சராசரிக்கு ஒழுங்கைகள் தெரியா.

2013, 2014ஆம் ஆண்டுகளில் நாடெங்கும் சின்னமுத்து பரவியபோது வேறொன்றும் வெளிப்பட்டது. 2011இல் முக்கூட்டுச் சின்னமுத்து ஊசி அறிமுகமானதோடு முதற்றடவைக்குரிய வயது ஒன்பது மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குத் தள்ளப்பட்டிருந்தது. நோயுற்றோருட் கணிசமானோர் ஒரு வயது நிரம்பாத குழந்தைகள். அவர்கள் ஊசியைத் தவறவிட்டவரல்லர். அவர்களுக்கு ஊசி உரித்தாகவே இல்லை. அடைவுக் கணக்கின் கோட்டுக்கு மேலும் அவர்கள் இல்லை, கீழும் இல்லை. எனவே வீதம் 99 ஆக நிற்கவும் பிள்ளைகள் நோயுறவும் கூடியது. இரண்டும் ஒருங்கே உண்மை. 2015இல் அவ்வூசி மீண்டும் ஒன்பதாம் மாதத்துக்குக் கொணரப்பட்டது. 2019 யூலையில் இலங்கை சின்னமுத்தை நீக்கிய நாடெனச் சான்று பெற்றது.

அண்மைக்காலத்திற் பகுதியெண் எதிர்த்திசையில் அசைந்துள்ளது. 2020இல் நாட்டில் ஏறத்தாழ 3 இலட்சம் பிறப்புகள். 2023இல் ஏறத்தாழ 2 இலட்சத்து 48 ஆயிரம். 2012இன் குடிசன மதிப்பீட்டுக்குப் பின் அடுத்தது 2024இலேயே எடுக்கப்பட்டது. பிறப்பு இவ்வளவு விரைந்து குறையும் வேளையில், பழைய போக்கை நீட்டிப் பெற்ற மதிப்பீட்டாற் பிரிக்கின், ஊசி பெறாத பிள்ளை எவருமில்லாத ஊரும் அடைவிற் பின்தங்கியதாகத் தோன்றும். முன்னர் இல்லாதவரை விட்டுக் கணித்த கணக்கு, இப்போது பிறவாதவரையும் சேர்த்துக் கணிக்க நேர்கின்றது. தடுப்பூசித் தகவல்கள் இப்போது வலைவழி அனுப்பப்படுகின்றன. ஆயினும் அத்தகவலின் ஊற்று ஊர் மருத்துவமாதுவின் பதிவேடே.

2023இல் சின்னமுத்து மீண்டும் தலைகாட்டியது. அதனையடுத்து 2024 சனவரி 6ஆம் நாள், ஆறு மாதம் நிரம்பி ஒன்பது மாதம் ஆகாத குழந்தைகளுக்கு மேலதிகமாக ஒரு தடவை ஊசி ஏற்ற ஒன்பது பகுதிகள் தெரிவாயின. கொழும்பு, கம்பகா, களுத்துறை, காலி, மாத்தறை, கண்டி, குருநாகல், யாழ்ப்பாணம் என்ற எட்டு மாவட்டப் பெயர்களோடு ஒன்பதாவதாக நின்றது கல்முனை. இந்தச் சிறுவயதில் ஏற்றப்படும் ஊசியின் காப்பு நிலையற்றதாகையால் ஒன்பதாம் மாதத்துக்குரிய ஊசியை அப்பிள்ளைகள் மீண்டும் பெறல் வேண்டும். ஆகவே அன்று ஏற்றப்பட்ட ஊசி பிள்ளையின் அட்டையில் எழுதப்படும். வழமைத் தடுப்பூசி அடைவின் பின்னத்திலோ, அதன் மேலும் கீழும், அதற்கு இடமில்லை.